சூடம் அணைத்தவன்

காட்டூரில் மூன்று மாடி வீடு கட்டினேன். அதற்கு முன்னால் அந்த மனை, முழங்கால் தண்ணீர் நிற்கிற வயல். வாங்காதே என்று சொல்லாத ஆள் இல்லை. இன்று மழை பெய்தால் தெருக்காரர்கள் எல்லாரும் வண்டியை என் வாசலில்தான் கொண்டுவந்து நிறுத்துகிறார்கள். தஞ்சாவூர் ரோட்டில் ஒரு கல்யாண மண்டபம். எடுத்த ஆள் பாதியில் ஓடிவிட்டான், தூண் மட்டும் வெயிலில் நின்றது, நான் முடித்துக் கொடுத்தேன். முசிறிப் பக்கம் வாய்க்காலுக்கு ஒரு பாலம். ஒரு பள்ளிவாசலுக்குச் சுற்றுச்சுவர். ஒரு மாதா கோவிலுக்குப் படிக்கட்டு. ஸ்ரீரங்கத்தில் கட்டின வீடுகளை நான் எண்ணி வைக்கவில்லை. என் தங்கைக்குக் கல்யாணம் செய்து வைத்தேன். அந்தக் கல்யாணம் நிற்கவில்லை, ஆனால் அது கட்டினவன் கோளாறு இல்லை. அவள் பெற்ற பிள்ளையை ஆளாக்கினேன். அதையும் நான் கட்டினவற்றோடுதான் சேர்க்கிறேன்.

படிப்பு ஐந்தாம் வகுப்பு. அதுவும் முழுதாக இல்லை. அப்பா செத்த வருஷம் முசிறியில் பஸ் ஏறி, திருச்சி சத்திரம் பஸ் ஸ்டாண்டில் இறங்கினேன். மண் சுமந்தேன், கலவை போட்டேன். கொத்தனார் என் கையில் கரண்டியைக் கொடுப்பதற்குள் எனக்கு மீசை வந்துவிட்டது. பிறகு மேஸ்திரி ஆனேன், பிறகு ஆள் வைத்து வேலை வாங்குகிற காண்ட்ராக்டர் ஆனேன். யாரும் தூக்கிவிடவில்லை. இதைச் சொல்லிக்கொள்ள எனக்குக் கூச்சம் கிடையாது. நான் சொல்லாவிட்டால் வேறு யாரும் சொல்லப் போவதில்லை. கட்டிடம் எழும்பின பிறகு கட்டினவன் பெயரை யாரும் கேட்பதில்லை. வீட்டுக்காரன் பெயரைத்தான் பளிங்கில் போடுவார்கள். அது தொழில் வழக்கம். அதற்காக நான் ஒரு நாளும் முகம் சுளித்ததில்லை. ஒரே ஒரு கல்லைப் பற்றித்தான் எனக்கு ஆறவில்லை. அதை எழுதத்தான் உட்கார்ந்தேன்.

தங்கை புருஷன், பிள்ளைக்கு மூன்று வயதாகும்போது, முசிறியில் வாழைக்காய் மண்டியில் வேலை என்று போனான். போனவன் அங்கேயே வேறொரு குடும்பத்தோடு தங்கிவிட்டான். நான் போய்ப் பேசிப் பார்த்தேன், அடித்தும் பார்த்தேன். வரவில்லை. தங்கையை ஸ்ரீரங்கத்தில் ஒரு வாடகை வீட்டில் குடிவைத்தேன். காட்டூருக்கே வந்துவிடு என்றேன். என் மனைவிக்கும் அவளுக்கும் ஒரே அடுப்பு ஒத்து வராது என்று சொல்லிவிட்டாள். துணிக்கடையில் வேலைக்குப் போனாள். பிள்ளைக்கு முதல் மொட்டை என் மடியில். காது குத்தினது என் மடியில். தாய்மாமனுக்கு உரிய முறை அது, எல்லாரும் செய்வதுதான். ஆனால் அதற்கு மேல் தகப்பன் செய்ய வேண்டியதையும் நான்தான் செய்தேன். ஜுரம் என்று தங்கை போன் போட்டால் சாரத்தில் நிற்கிறவன் அப்படியே இறங்கி, காவிரிப் பாலம் தாண்டிப் போய் நின்றிருக்கிறேன்.

பையன் ஒல்லி. உயரம். அதிகம் பேச மாட்டான், ஆனால் பேசினால் யாரையாவது கிண்டல் பண்ணித்தான் பேசுவான். ப்ளஸ் டூ முடித்ததும் கூட்டாளிகளோடு சேர்ந்து கொள்ளிடத்து மணலில் ஓட ஆரம்பித்தான். எதற்கு ஓடுகிறான் என்று அவன் அம்மாவுக்குத் தெரியாது, எனக்குத் தெரியும். ராணுவத்துக்கு ஆள் எடுத்தார்கள். போனான், தேறினான். தேறின பிறகுதான் அம்மாவிடம் சொன்னான். அவள் அன்றைக்குச் சமைக்கவில்லை. பையன் எனக்குப் போன் போட்டான்.

நான் போனபோது தங்கை கூடத்தில் சுவரில் சாய்ந்து உட்கார்ந்திருந்தாள்.

"இருக்கிறது ஒண்ணுண்ணே."

"ஒண்ணா இருந்தா? பீரோவுல வெச்சுப் பூட்டப் போறியா?"

"உன்கூட வேலைக்கு வெச்சுக்க. செங்கல் தூக்கட்டும்."

"என்கூட வந்தா கொத்தனாரு. அங்க போனா சாரு. உனக்கு எது வேணும்?"

"உசிரோட இருக்கிற கொத்தனாரு போதும் எனக்கு."

"நீ சாரத்தைப் பாத்ததில்ல. அதுலேர்ந்து விழுந்தவனை நான் தூக்கிட்டுப் போயிருக்கேன். எழுதியிருந்தா அங்கயும் வரும், இங்கயும் வரும்."

பையன் வாசற்படியில் நின்று இரண்டு பேரையும் மாறி மாறிப் பார்த்தான். அவன் கண்ணில் இருந்தது கெஞ்சல். அதை நான் மட்டும்தான் பார்த்தேன். விடாமல் பேசினேன். அரசாங்கச் சோறு, ஊரில் மரியாதை, அப்பன் இல்லாத பிள்ளை என்று எவனும் பேச முடியாது, நாளைக்குப் பெண் கொடுக்க வரிசையில் நிற்பார்கள். எனக்குப் பேச வரும். பேசித்தான் இவ்வளவு வேலை பிடித்தேன். கடைசியில் அவள் எழுந்து உள்ளே போனாள். ஒத்துக்கொண்டாள் என்று நினைத்தேன். பித்தளைத் தட்டில் ஒரு கட்டிச் சூடம் வைத்துக் கொளுத்திக் கொண்டுவந்து என் முன்னால் நீட்டினாள்.

"அவனுக்கு ஒண்ணுன்னா நான் பொறுப்புன்னு சொல்லி அணை."

எங்கள் பக்கத்தில் எரிகிற சூடத்தை உள்ளங்கையால் அடித்து அணைத்துச் சொன்னால் அதற்கு மேல் சத்தியம் கிடையாது. வரப்புத் தகராறுக்கும் திருட்டுக்கும் அணைப்பார்கள். ஒரு பிள்ளை உயிருக்கு அணைத்து நான் கேள்விப்பட்டதில்லை.

"அம்மா, சீரியல் மாதிரி பண்ணாதம்மா," என்றான் பையன். "மாமா, நீங்க விடுங்க. கை சுட்டுக்கப் போகுது."

"சிமென்ட் தின்ன கைடா இது," என்றேன். "அவனுக்கு ஒண்ணுன்னா நான் பொறுப்பு." அணைத்தேன்.

அன்றைக்கு எனக்குச் சந்தேகம் என்பதே இல்லை. நான் போட்ட எந்தத் தளமும் இறங்கினதில்லை. இதுவும் இறங்காது என்று நினைத்தேன்.

லீவில் வரும்போதெல்லாம் அவனை வண்டியில் பின்னால் உட்காரவைத்து, நான் வேலை பார்க்கிற இடங்களுக்கு ஒன்று விடாமல் கூட்டிப்போவேன். ஒரு தடவை டீ சர்ட்டில் வந்து நின்றான். யூனிபார்ம் போட்டுக்கொண்டு வா என்றேன்.

"லீவுல அதெல்லாம் போடக் கூடாது மாமா."

"இங்க யாருடா கேக்கப் போறா?"

"நீங்க ஞாயித்துக்கிழமை கையில கரண்டியோட படுப்பீங்களா?"

ஆட்கள் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். சித்தாள் பெண்களுக்கெல்லாம் டீ வாங்கிக் கொடுத்தான். அது அவனுடைய கடைசி லீவு.

செய்தி வந்தபோது காட்டூரில் ஒரு வீட்டுக்குத் தளம் போட்டுக்கொண்டிருந்தேன். பாதி ஊற்றியாகிவிட்டது. தங்கை எனக்குச் சொல்லவில்லை. அவளுடைய பக்கத்து வீட்டு அம்மாள்தான் போன் போட்டு, "போலீஸ்காரங்க வந்திருக்காங்க, ராணுவத்து ஆளும் வந்திருக்காரு, நீங்க உடனே வாங்க" என்றார். கான்கிரீட் ஊற்றுவதை நடுவில் நிறுத்தக் கூடாது. பழைய கான்கிரீட்டும் புதியதும் ஒட்டாது. என் தொழிலில் மழைக்குக்கூட நிறுத்தினதில்லை. அன்றைக்கு நிறுத்தினேன். அந்த வீட்டுக்குள் நின்று அண்ணாந்து பார்த்தால் தளத்தில் இன்றும் குறுக்கே ஒரு கோடு தெரியும். வீட்டுக்காரர் ஒன்றும் கேட்கவில்லை.

விமானத்தில் பெட்டி வந்தது. ஊர்வலமாகப் பாலம் தாண்டிக் கொண்டுவந்தார்கள். இரண்டு பக்கமும் ஜனம். பள்ளிக்கூடப் பிள்ளைகள் பூப்போட்டார்கள். அவனைக் கண்ணால் பார்த்திராதவர்கள் எல்லாரும் அழுதார்கள். ஸ்ரீரங்கத்து வீட்டு வாசலில் கூட்டத்தை விலக்கிக்கொண்டு போனால், பெட்டிக்குத் தலைமாட்டில் முகத்தை மழித்துக்கொண்டு, வெள்ளை வேட்டியில் அவன் தகப்பன் நிற்கிறான். டிவியில் பார்த்து முசிறியிலிருந்து பஸ்ஸில் வந்திருக்கிறான். எல்லாரும் அவனுக்கு வழி விட்டார்கள். பெற்றவன் அல்லவா.

சாவுக்குத் தாய்மாமன் வீட்டிலிருந்து புதுத் துணி போட வேண்டும். நானும் வாங்கிக் கொண்டுபோயிருந்தேன். பெட்டிமேல் விரித்தேன். வெள்ளை உறை போட்ட கை ஒன்று வந்து அதை மெதுவாக எடுத்தது. சின்ன வயசுச் சிப்பாய். துணியை நான்காக மடித்து என்னிடமே கொடுத்தான்.

"மேல தேசியக் கொடி இருக்குங்க ஐயா. அதுக்கு மேல எதுவும் போடக் கூடாது. காட்டுல கொடியை எடுத்த பிறகு போடுங்க."

அவன் சொன்னது நியாயம். கையில் துணியை வைத்துக்கொண்டே சுடுகாட்டுக்குப் போனேன். எங்களில் பெண்கள் சுடுகாட்டுக்கு வருவதில்லை; என் தங்கை வந்தாள், தடுக்க யாருக்கும் வாய் வரவில்லை. வானத்தைப் பார்த்துச் சுட்டார்கள். மூங்கில் புதரிலிருந்து கொக்குகள் கிளம்பிப் போயின. கொடியை மடித்துத் தங்கை கையில் கொடுத்தார்கள். இப்போது போடலாம் என்று நான் முன்னால் போனேன். அவள் என்னைப் பார்க்கவில்லை. பக்கத்தில் நின்ற அந்தச் சிப்பாயிடம் சொன்னாள்:

"அது வேணாம் தம்பி. எடுத்துக்கிட்டுப் போகச் சொல்லுங்க."

பிறந்த வீட்டுத் துணியைத் திருப்பி அனுப்பினால் பிறந்த வீடே வேண்டாம் என்று அர்த்தம். அங்கே நின்ற சொந்தக்காரர்கள் எல்லாருக்கும் அது தெரியும். ஆளுக்கொரு பக்கம் பார்த்தார்கள். தகப்பன் கொள்ளி வைத்தான்.

காரியம் முடிந்து சில மாதம் கழித்து, அவனோடு இருந்த ஒரு சிப்பாய் என்னைத் தேடிக் காட்டூருக்கு வந்தான். புதுக்கோட்டைப் பக்கத்துப் பையன். தோளில் குண்டு பட்டு, ஒரு கை சரியாக மடங்கவில்லை. காபி டம்ளரை இடது கையில் வாங்கினான். நடந்ததை அவன் சொல்லித்தான் எனக்குத் தெரியும்.

மலைமேல் ஒரு காவல். விடியும் நேரம். எதிரில் இருந்த பாறைகளுக்குள்ளிருந்து சுட ஆரம்பித்திருக்கிறார்கள். இயந்திரத் துப்பாக்கி பிடித்தவன் முதலிலேயே விழுந்துவிட்டான். அடிபட்டவர்களைக் கீழே இறக்க வேண்டும். யாராவது சுட்டுக்கொண்டே இருந்தால்தான் இறக்க முடியும். என் மருமகன் போய் அந்தத் துப்பாக்கியைப் பிடித்தான்.

"பயந்தானா?" என்று கேட்டேன்.

"பயந்தான்ங்க. எல்லாரும்தான் பயந்தோம். பயப்படலைன்னு எவனாவது சொன்னா அவன் அங்க இல்லைன்னு அர்த்தங்க."

"அப்புறம் ஏன் அவன் இறங்கல?"

"இறங்கச் சொன்னோம். முதல் குண்டு காலுல. வாடான்னு இழுத்தேன். 'என்னைத் தூக்கினா நீ உருண்டு போயிடுவே, ஒல்லிப்பய, என்னால இப்ப நடக்க முடியாது, போ'ன்னான். அவனே ஒல்லி. நாங்க ஆறு பேரும் கீழ வந்து சேர்ற வரைக்கும் மேல சத்தம் கேட்டுக்கிட்டே இருந்துச்சு. அப்புறம் நின்னுடுச்சு."

என்னைப் பற்றி ஏதாவது சொல்வானா என்று கேட்டேன். கேட்காமல் இருக்க முடியவில்லை.

"நிறைய சொல்வான். எங்க மாமா பாதித் திருச்சியைக் கட்டினவருன்னு. ஆனா அவரு வீட்டுத் தண்ணித் தொட்டி மட்டும் ஒழுகும்னு சொல்லிச் சிரிப்பான்."

அந்தத் தொட்டி பிளம்பர் செய்த வேலை. என் வேலை இல்லை. அவனிடம் அதை விளக்கமாகச் சொன்னேன். அவன் ஆமாங்க என்று தலையாட்டினான். அவன் போன பிறகு மாடியில் ஏறித் தொட்டி ஓரத்தில் வெகு நேரம் உட்கார்ந்திருந்தேன்.

வீரப் பதக்கம் என்று அறிவித்தார்கள். வடக்கே ஒரு ராணுவ ஊரில் விழா. தாய் போய் வாங்க வேண்டும், துணைக்கு ஒருவர் வரலாம், ரயிலுக்கும் தங்குவதற்கும் அவர்களே பார்த்துக்கொள்வார்கள். நான் புதுச் சட்டை தைத்தேன். குளிர் என்று கம்பளிச் சட்டையும் வாங்கினேன். என் தங்கை அந்தத் தகப்பனைக் கூட்டிக்கொண்டு போனாள். போட்டோ எல்லாருடைய வாட்ஸ்அப்பிலும் வந்தது. அவள் கையில் பதக்கம், பக்கத்தில் அவன், கண்ணைத் துடைத்தபடி. எனக்கே நான்கு பேர் அனுப்பினார்கள், 'பெருமை' என்று எழுதி.

அவள் திரும்பி வந்ததும் ஸ்ரீரங்கத்துக்குப் போனேன். உட்காரச் சொல்லவில்லை, நானே உட்கார்ந்தேன். பதக்கம் பிரிட்ஜுக்கு மேலே, அவளுடைய மாத்திரை அட்டைக்குப் பக்கத்தில், வந்த பெட்டியிலேயே இருந்தது.

"பாக்கலாமா?"

"பாத்துட்டு அங்கயே வெச்சிடு."

எடுத்தேன். ஒரு கதவுக் கீல் அளவுக்குக்கூடக் கனம் இல்லை. திருப்பி வைத்தேன்.

"அவன் எப்படிம்மா உன்கூட? இருபது வருஷம் எட்டிப் பாக்காதவன். அவனைக் கூட்டிட்டுப் போறே, என்னைக் கூப்பிடல."

அவள் கீரை ஆய்ந்துகொண்டிருந்தாள். நிமிரவில்லை.

"அவரு விட்டுட்டுப் போனவரு. நீ அனுப்பி வெச்சவன். விட்டுட்டுப் போனவரு பக்கத்துல உக்காந்து ஒரு வாய் சாப்பிட முடியுது. உன் பக்கத்துல முடியலண்ணே."

"அவன் ஆசைப்பட்டுத்தான் போனான்."

"ஆசைப்பட்டது அவன். வேணாம்னது நான். நடுவுல வந்து பேசினது யாரு?"

"நான்தான்."

"சூடம் அணைச்சது யாரு?"

"நான்தாம்மா."

"அப்ப போ."

நான் எழுந்து வந்தேன். அதன் பிறகு அந்த வீட்டுப் படி ஏறவில்லை. தீபாவளிக்குப் பிறந்த வீட்டுச் சீர் கொடுத்தனுப்பினால் கதவைத் திறப்பதில்லை. பக்கத்து வீட்டு அம்மாள்தான் வாங்கி வைத்துக்கொண்டு, பிறகு என் மனைவிக்குப் போன் போடுவார்.

இப்போது அந்தக் கல்லுக்கு வருகிறேன். பையன் படித்த ஸ்ரீரங்கத்துப் பள்ளிக்கூடத்தின் வாசலில் அவனுக்கு ஒரு நினைவுத் தூண் வைப்பதாக முன்னாள் மாணவர்கள் கமிட்டி போட்டார்கள். அதற்குத் தலைவர் ஓய்வுபெற்ற வாத்தியார் ஒருவர். என்னைத் தேடி வந்து, "நீங்கதான் பீடம் கட்டித் தரணும்" என்றார். கூலி என்ற பேச்சே வேண்டாம் என்றேன். என் ஆட்களை அனுப்பவில்லை. முட்டி வலியோடு நானே மண்டியிட்டு உட்கார்ந்து கட்டினேன். காவிரியில் எவ்வளவு தண்ணீர் வந்தாலும் அந்தப் பீடம் அசையாது. பிறகு கறுப்புக் கல்லில் எழுத்து வெட்டி என்னிடமே அனுப்பினார்கள், பதித்துத் தரச் சொல்லி. சாக்கைப் பிரித்தேன். வரி வரியாகப் படித்தேன். அவன் பெயர், படைப்பிரிவு, பதக்கம். கீழே இன்னாருடைய வீரத் திருமகன் என்று தகப்பன் பெயரும் தாய் பெயரும். அதற்குக் கீழே கமிட்டிக்காரர்கள் பெயர். என் பெயர் இல்லை. பீடம் கட்டினவன் என்றுகூட இல்லை.

வாத்தியாரிடம் போனேன். நல்ல மனிதர். மோர் கொடுத்தார்.

"உங்க வருத்தம் எனக்குப் புரியறது. ஆனா அந்த அம்மா என்ன சொல்றாளோ அதைத்தான் போடணும்னு கமிட்டியில தீர்மானம். உங்களைப் பத்தி நானே கேட்டேன். 'அவர் பேர் இருந்தா நான் திறப்பு விழாவுக்கு வர மாட்டேன்'னுட்டா. பெத்தவ வராம எப்படி ஓய் திறக்கறது?"

"வளர்த்தவன்னு ஒரு வரி."

"பெருமாள் விட்ட வழி. கொஞ்ச நாள் போகட்டுமே."

எனக்கு எழுபது தாண்டிவிட்டது. கொஞ்ச நாள் என்று எனக்குச் சொல்லக் கூடாது.

கல் இன்னும் என் காட்டூர்க் கொட்டகையில் சாக்குச் சுற்றிப் படுத்திருக்கிறது. திறப்பு விழாவுக்கு நாள் குறிக்கச் சொல்லிக் கேட்டுக்கொண்டே இருக்கிறார்கள். கல் வெட்டுகிறவன் எனக்கு வேண்டியவன். நான் ஒரு வார்த்தை சொன்னால் கடைசி வரிக்குக் கீழே இருக்கிற வெற்றிடத்தில் இன்றைக்கே வெட்டிவிடுவான். அப்படித் திருட்டுத்தனமாக எனக்கு வேண்டாம். கமிட்டி சொல்லி வெட்ட வேண்டும்.

வளர்த்தவன் என்ற வரிகூட இப்போது வேண்டாம், அதை விட்டுவிட்டேன். வளர்ப்பதை யார் வேண்டுமானாலும் செய்வார்கள். பீடத்தையும் விட்டுவிட்டேன். அவன் அந்த மலையில் நின்றதற்கு ஒரு காரணம் உண்டு. அவன் தாய் தடுத்தாள், தகப்பன் ஊரில் இல்லை, நான் பேசி, சத்தியம் பண்ணி அனுப்பினேன். நான் வாயை மூடிக்கொண்டு இருந்திருந்தால் அவன் இன்று என்னோடு சாரத்தில் நின்றிருப்பான்; அந்த ஆறு பேர் கீழே வந்திருக்க மாட்டார்கள். பதக்கத்தில் எனக்குப் பங்கு இருக்கிறது. சாவில் பங்கு இருக்கிறது என்று என் தங்கை சொல்கிறாள். அதையும் நான் மறுக்கவில்லை. இரண்டும் ஒரே பங்குதான். ஆகவே கமிட்டியாருக்கு நான் சொல்வது இது. அந்த வெற்றிடத்தில், 'இவனைப் படைக்கு அனுப்பியவர் தாய்மாமன்' என்று வெட்டி, பக்கத்தில் என் பெயரை இனிஷியலோடு போடுங்கள், ஊர் காட்டூர் என்றும் போடுங்கள். புகழ்கிறவன் அதைப் படித்துப் புகழட்டும். என் தங்கை தினமும் அந்த வழியாகப் போய் அதைப் பார்த்துத் திட்டினாலும் திட்டட்டும். ஆனால் யார் அனுப்பியது என்று கல்லில் இருக்க வேண்டும். அதை வெட்டிக் கொடுங்கள், மறுநாளே கல்லைப் பதிக்கிறேன்.